மன்றாட்டும் வினாவும்

இறைவனை நோக்கி மாந்தர் கூறும் மொழிகளுள் போற்றுதலும் வேண்டுதலும் எல்லாச் சமயத்தார்க்கும் உடன்பாடானவை. வினாவுதல் அங்ஙனம் அன்று. 'ஏன் இது நேர்ந்தது?' என்றும், 'எதுவரைக்கும் காத்திருப்பது?' என்றும் அடியவன் ஆண்டவனைக் கேட்டல் தகுமோ என்னும் ஐயம் பண்டும் இருந்தது; இன்றும் இருக்கின்றது. வினாவுதல் நம்பிக்கைக் குறைவின் வெளிப்பாடு என்பார் ஒரு சாரார். நம்பிக்கை உடையவனே வினவுவான், இல்லாதவன் யாரை வினவுவான் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் சமய நூலார் மன்றத்தில் நெடுங்காலம் பேசப்பட்டவை. யாம் ஈண்டு அவர்தம் நெறியில் புகாது, தமிழ் இலக்கண இலக்கியங்கள் காட்டும் வழியில் நின்று, கிறித்தவச் செபமொழியில் வினாவிற்கும் எதிர்பார்ப்பிற்கும் உள்ள இடத்தை ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்தாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. தாம்பரத்திற்குத் தெற்கே, வண்டலூரைக் கடந்ததும், பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி அமைந்தது ஊரப்பாக்கம். ஏரிகள் சூழ்ந்த நிலமாதலின் மழை அளவு கடந்தால் நீர் தெருவில் நில்லாது வீட்டினுள்ளும் புகும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் அங்ஙனமே புகுந்தது. நீர் வடிந்த சில நாள்களுக்குப் பின்னர், அவ்வூரில் ஒரு வீட்டில் நிகழ்ந்த செபக் கூட்டத்திற்கு நண்பர் ஒருவர் அழைப்பின்மேல் யான் சென்றிருந்தேன். அவ்வாண்டிலேயே தம் மகனையும் இழந்திருந்த அம்மையார் ஒருவர் முழந்தாளிட்டு வாய்விட்டு வேண்டினார். வேண்டுதல் சிறிது நேரத்தில் வினாவாக மாறியது. 'நான் உம்மிடம் கேட்கவில்லையா? கேட்டேனே. ஏன் பேசாமல் இருக்கிறீர்? இன்னும் எத்தனை நாள்?' என்றார். கூட்டத்தை நடத்தியவர் கடுமையின்றி, ஆயின் உறுதியாகக் குறுக்கிட்டு, 'சகோதரி, கர்த்தரைக் கேள்வி கேட்கக் கூடாது. ஸ்தோத்திரம் சொல்லுங்கள்' என்றார். அம்மையார் அடங்கிவிட்டார். ஸ்தோத்திரம் சொன்னாரோ இல்லையோ, என் செவியில் விழவில்லை.

குறுக்கிட்டவர் தம் சமயத்தின் மரபையே காப்பதாகக் கருதினார் என்பதில் ஐயமில்லை. அம்மரபு உண்மையில் அவர் பக்கம் நிற்கின்றதா என்பதே வினா.

முதற்கண் சொற்களை நோக்குவோம். கிறித்தவர் வழங்கும் செபம் என்னும் சொல் வடமொழி வழிவந்தது. மெல்ல ஓதுதல், உருவேற்றல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். விண்ணப்பம் என்பது மேலோர்க்கு அறிவித்தல். அரசனிடத்து அதிகாரிகள் செய்த விண்ணப்பத்தைச் செப்பேடுகளும் கல்வெட்டுக்களும் பலபடக் கூறும். இவ்விரண்டினும் வேறாய் நிற்பது மன்றாட்டு என்னும் சொல். மன்று என்பது அவை. வழக்குக் கேட்டு முறை செய்யும் பொதுவிடம். சொல்லாடுதல், வழக்காடுதல் என்பன போல மன்றாடுதல் என்பது மன்றில் நின்று தன் வழக்கை எடுத்துரைத்தலாம். வழக்குரைத்தல் என்னும் பொருளும், இரந்து கேட்டல் என்னும் பொருளும் ஆகிய இரண்டும் இச்சொல்லுக்கு உரியன. பிற்காலத்தில் இரத்தற் பொருளே ஓங்கி, வழக்குரைத்தற் பொருள் மங்கிற்று. கத்தோலிக்கத் திருச்சபையார் நெடுங்காலமாக ஓதிவரும் தொடர்வேண்டுதலுக்கு 'மன்றாட்டு மாலை' என்று பெயர். அம்மாலையில் விளியும் வேண்டுகோளும் மாறி மாறி வருமேயன்றி வினா ஒன்றேனும் வாராது. வழக்காடுதலைக் குறித்த சொல், வழக்கே இல்லாத ஒரு செபவகைக்குப் பெயராக நின்றுவிட்டது. சொற்பொருள் வரலாற்றில் இத்தகைய விந்தைகள் பல. ஆயினும் பழம்பொருள் அறவே இறந்துபடுவதில்லை என்பதும் அவ்வரலாறு கற்பிக்கும் பாடமே.

இடையே ஒரு சிறு குறிப்பு. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் இரப்போன் நிலைக்கேற்பப் பகுத்துரைத்தார். இழிந்தோன் கூறுவது ஈ. ஒப்போன் கூறுவது தா. உயர்ந்தோன் கூறுவது கொடு. கிறித்தவர் நாள்தோறும் ஓதும் ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றன்றைய உணவை வேண்டுமிடத்து வரும் வினை, தா என்னும் பகுதியிலிருந்து பிறந்தது. இலக்கண விதிப்படி அஃது ஒப்போன் சொல். இதனைக் கொண்டு, மொழிபெயர்த்தோர் அடியவனையும் ஆண்டவனையும் ஒத்த நிலையில் வைத்தனர் எனக் கூறுதல் மிகையாகும். அவர் காலத்திற்கு மிக முன்னரே இவ்வேறுபாடு வழக்கிறந்துவிட்டது. சைவ வைணவ அடியாரும் இறைவனிடத்துத் தா என்றே கேட்டனர். எனவே இதன்மேல் மாடம் எடுத்தல் வேண்டா. தந்தையிடம் மகன் கேட்கும் உரிமையை அச்சொல் தடை செய்யவில்லை என்ற அளவில் அமைவோம்.

இனி வினாவின் இலக்கணம். பவணந்தியார் நன்னூலில் வினாவை அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். மாணாக்கனை ஆசிரியன் பொருள் கேட்பது அறிவினா. ஆசிரியனை மாணாக்கன் கேட்பது அறியா வினா. குற்றியோ மகனோ என்பது ஐயவினா. கடைக்காரனிடம் பயறு உளவோ என்பது கொளல்வினா. வறியவனிடம் ஆடை இல்லையோ என்பது கொடைவினா. மகனை நோக்கி உண்டாயோ என்பது, உண் என ஏவும் குறிப்பினது ஆதலின் ஏவல்வினா. இவ்வாறனுள் செபத்தில் எழும் வினா யாதன்பாற்படும்?

சங்கீதம் எனவும் திருப்பாடல் எனவும் வழங்கும் 150 எபிரேயப் பாடல்களுள் 13ஆவது சிறியவற்றுள் ஒன்று. அதன் முதலிரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்னும் பொருள்பட்ட வினா நான்கு முறை அடுக்கி வருகின்றது. மறந்திருப்பதும், முகம் மறைத்திருப்பதும், தன் நெஞ்சு துயருறுவதும், பகைவன் ஓங்கி நிற்பதும் எவ்வளவு காலம் என்பன அவை. இஃது அறியா வினாவா? வடிவத்தால் ஆம். ஆயின் இறைவன் தோன்றி 'இன்னும் 3 ஆண்டுகள்' என விடை கூறியிருப்பின் பாடியோன் அமைதியுற்றிருப்பானா? உறான். அவன் வேண்டியது கால அளவு அன்று, காலம் முடிதல். ஐயவினாவா எனின், பகைவன் ஓங்கியிருப்பதில் அவனுக்கு ஐயம் இல்லை. ஏவல்வினாவின் சாயல் உண்டு. மறந்தாயோ என்பதனுள் 'மறவாதே' என்னும் ஏவல் அடங்கியுள்ளது. ஆயினும் பவணந்தியார் காட்டும் ஏவல், மூத்தோன் இளையோனை ஏவுவது. ஈண்டு முறை மாறி நிற்கின்றது.

கொளல்வினாவே இதற்கு மிக அணுக்கமானது என்பது எம் துணிபு. பயறு உளவோ என்று கேட்போன் இருப்புக் கணக்கு அறிய விரும்புவோன் அல்லன், பெற விரும்புவோன். கேட்கப்படுவோனிடத்தில் அப்பொருள் உண்டு, தனக்குத் தரப்படும் என்னும் எதிர்பார்ப்பே அவ்வினாவின் உயிர். எதிர்பார்ப்பு இல்லையேல் அவன் அக்கடையின் படியேறியிருக்க மாட்டான். சங்கீதத்தின் வினாவும் இத்தகையதே. ஆனால் கடையில் கொள்வோன் கையில் விலை உண்டு. செபிப்போன் கையில் இல்லை. ஆதலின் கொளல்வினாவில் விலையை நீக்கி, எதிர்பார்ப்பை நிறுத்தினால் எஞ்சுவது யாதோ அதுவே செபத்தின் வினா எனலாம். நன்னூலார் வகுத்த ஆறனுள் இதனை ஏழாவதாகச் சேர்த்தல் வேண்டும் என்று யாம் கூறோம். அவர் உலக வழக்கு நோக்கி வகுத்தார். அவ்வழக்கு முழுதும் பொருந்தாத ஓரிடம் உண்டு என்பதை மட்டும் சுட்டுகின்றோம்.

எதிர்பார்ப்பு நீங்கிய வினா எவ்வாறிருக்கும் என்பதையும் தமிழிலக்கியம் காட்டுகின்றது. புறநானூற்றின் 242ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்த பின்னர், அந்நாட்டில் மலர்ந்த முல்லையை நோக்கி, நீயும் பூத்தனையோ என வினவுகின்றார். இளையோர் சூடார், பாணன் சூடான், பாடினி அணியாள். பின்னும் ஏன் பூத்தாய் என்பது அதன் கருத்து. தமிழில் வினாவால் அமைந்த இரங்கற் பாக்களுள் இதனினும் உயர்ந்தது யான் அறியேன். ஆயினும் முல்லை விடை கூறாது என்பதைப் புலவர் அறிவார். விடையை அவர் எதிர்பார்க்கவில்லை. துறைக்குப் பெயரே கையறுநிலை. செய்வதற்கு யாதும் இல்லாத நிலை. சங்கீதக்காரனுடைய வினாவும் இதே துயர நிலத்தில் எழுவதாயினும், அவன் கையறவில்லை. கேட்போன் ஒருவன் உளன் என்னும் உறுதியே அவனை வினவச் செய்கின்றது. துயரின் அளவில் இரு பாட்டும் ஒக்கும், முன்னிலையால் வேறுபடும்.

எனவே வினாவையும் எதிர்பார்ப்பையும் தனித்தனியே பிரித்தல் கூடாது. எதிர்பார்ப்பற்ற வினா கையறுநிலையாய் முடியும். வினாவற்ற எதிர்பார்ப்போ வாணிகமாய் முடியும். பின்னதைப் பற்றிக் கீழே கூறுவோம்.

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமைக்கு எபிரேய மறையில் ஆபகூக் என்னும் சிறு நூல் சான்று. மூன்றே அதிகாரங்கள் கொண்டது. முதலதிகாரம் 'எதுவரைக்கும்' என்னும் அதே வினாவோடு தொடங்குகின்றது. கொடுமையைக் கண்டும் இறைவன் வாளாவிருப்பது ஏன் என்று முறையிடுகின்றது. இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அம்முறையீட்டாளர் செய்வது நோக்கத்தக்கது. வினவிவிட்டு வீடு திரும்பாது, காவல்மேடையில் ஏறி நின்று, தம் முறையீட்டிற்கு யாது விடை வருகின்றது எனப் பார்த்திருக்கின்றார். தினைப்புனத்துப் பரண்மேல் நிற்கும் காவலர் கண்ணயராது நிற்பது போன்ற நிலை. வினவுதல் ஒரு கணத்துச் செயல். நிற்றல் நெடும்பொழுதின் செயல். 'கேள்வி கேட்கக் கூடாது' என்போர் அவர் முதலதிகாரத்தில் கேட்டதை மட்டும் காண்கின்றனர். இரண்டாவதில் நின்றதைக் காண்பதில்லை. வந்த விடையும் அவர் விரும்பியதாக இல்லை. ஆயினும் மூன்றாம் அதிகாரம், அத்திமரம் துளிர்க்காத நிலையிலும் மகிழ்வேன் என்னும் பாட்டாக முடிகின்றது. முதலதிகாரத்தின் வினாவை அழித்துவிட்டு மூன்றாவதை மட்டும் ஓதுவோமாயின், அம்மகிழ்ச்சி எதனைக் கடந்து வந்தது என்பது விளங்காது போகும்.

யோபுவின் நூல் இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. 42 அதிகாரங்களில் பெரும்பகுதி வழக்குரையாகவே அமைந்தது. இறைவனோடு வழக்காட வேண்டும், தன் நியாயத்தை அவன் முன் வரிசைப்படுத்த வேண்டும் என்பது யோபுவின் இடையறாத வேட்கை. மன்றாட்டு என்னும் தமிழ்ச்சொல்லின் மறைந்த பொருள் இந்நூலில்தான் முழுதும் விளங்குகின்றது. நண்பர்கள் கூறுவன எல்லாம் பணிவும் பத்திமையும் நிறைந்த நல்லுரைகள். தனித்தனியே எடுத்து எழுதினால் நீதிநூலில் சேர்க்கத்தக்கவை. இறுதியில் இறைவன் புயலிடையே தோன்றிக் கூறும் விடை 38ஆம் அதிகாரம் முதல் பெரும்பாலும் வினாக்களாகவே அமைகின்றது. இதனைக் கண்டு, வினாவிற்கு விடை கூறாது இறைவன் அடக்கினான் என்பர் சிலர். தமிழ் இலக்கணம் அறிந்தார் அங்ஙனம் கூறார். வினாவும் செப்பாதற்கு உரியது என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் வினாவெதிர் வினாதலும் ஒன்று. இறைவன் கூறியது விடையே. அன்றியும் நூலின் முடிவில், தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே, நண்பர்கள் அல்லர் என்று இறைவன் வாயிலாகவே தீர்ப்பு வருகின்றது. வினவியவன் ஏற்கப்பட்டான், வினவாதே என்று தடுத்தோர்க்காக அவனே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஊரப்பாக்கத்துச் செபக் கூட்டத்தில் என் நினைவிற்கு வந்தது இவ்விடமே.

தமிழ்நாட்டுச் சமய இலக்கியத்தில் இதற்கு நேரான இடம் எது எனின், சுந்தரர் வரலாற்றைக் கூறலாம். சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் உரைக்கும் வழக்கு யாவரும் அறிந்ததே. திருமணக் கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதிய மறையவர் ஒருவர் தடுத்து, ஆளோலை காட்டி, தம் அடிமை என வழக்கிடுகின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஓலையை ஆய்ந்து முதியவர் பக்கமே தீர்ப்புக் கூறுகின்றனர். யோபுவின் நூலில் மனிதன் இறைவனை மன்றிற்கு அழைக்கின்றான். சேக்கிழார் நூலில் இறைவன் மனிதனை மன்றிற்கு அழைக்கின்றான். வழக்கில் தோற்றவர்க்கு வன்றொண்டர் என்னும் பெயர் கிடைத்தது. சினந்து சொல்லிய பித்தன் என்னும் சொல்லே முதற்பாட்டின் முதற்சொல் ஆயிற்று. வன்சொல்லைக் குற்றமாகத் தள்ளாது, அதனையே அருச்சனையாக ஏற்ற மரபு இது.

பின்னர் அவர் திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்தார். வழிநெடுகிலும் பதிகம்தோறும் கேட்டார். சில இடங்களில் வேண்டினார், சில இடங்களில் இடித்துரைத்தார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது கண் அன்று, ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது, திருவாரூரில் வலக்கண். எதிர்பார்ப்பு நிறைவேறும் முறை இதனுள் நுட்பமாகக் காட்டப்பட்டுள்ளது. கேட்டது ஒன்று, முதலில் கிடைத்தது நடப்பதற்கு ஒரு கோல். கோல் கிடைத்தமையால் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. கோலை ஊன்றிக்கொண்டே காஞ்சி சென்று மீண்டும் கேட்டார். சைவத் தோழமை நெறியும் கிறித்தவ மகன்மை நெறியும் ஒன்று என யாம் மயங்கவில்லை. கருத்து வேறாயினும், உரிமையால் கேட்டல் என்னும் மொழிநிலை இரண்டிற்கும் பொது. தமிழ்க் கிறித்தவப் புலவர் பெற்ற செவிலித்தாய்ப் பால் இது.

அப்பாலை அவர்கள் எங்ஙனம் பயன்படுத்தினர்? ஈண்டு என் மதிப்பீடு பாராட்டும் குறையுமாகவே அமைகின்றது. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியவர். அவரது அன்னை அழுங்கல் அந்தாதி, மகன் பட்ட பாடுகளைக் கண்டு தாய் புலம்புதலைப் பொருளாகக் கொண்டது. புலம்பலைச் செபத்திற்குள் கொணர்ந்த பெருமை அவர்க்கு உண்டு. ஆனால் புலம்புவோள் தெய்வத்தாய் ஆதலின், ஓதுவோன் தன் புலம்பலைத் தன் வாயால் கூற அந்நூல் இடந்தருவது அரிது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) செபமாலை முதலியவற்றால் இசைச்செபத்தை மக்கள் நாவில் ஏற்றினார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவ மரபில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அதன் இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களில் பழைய பத்திப் பாசுரங்களின் உருக்கம் முழுதும் இறங்கியுள்ளது. ஆயினும் அவ்வுருக்கம் பெரும்பாலும் தன் பாவத்தை நினைந்து எழுவது. 'யான் என் செய்தேன்' என்னும் நெஞ்சறி துயரத்தில் அவர் ஆழ்வார்க்கும் நாயன்மார்க்கும் இளைத்தவர் அல்லர். 'நீ ஏன் செய்தாய்' என்னும் வழக்குரையில் சுந்தரரின் வன்மை அவரிடத்து இல்லை. ஆத்தும விசாரம் என்னும் தொடர் கிறித்தவத் தமிழில் பயின்று வருவது. விசாரம் என்பதற்கு ஆராய்ந்து வினாவுதல் எனவும் கவலை எனவும் இரு பொருள் உண்டு. கிறித்தவக் கவிஞர் பிற்பொருளை வளர்த்து, முற்பொருளை ஓரளவே தொட்டனர் என்பது என் கருத்து.

இவர்களுள் தனித்து எண்ணத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). முன்சீப் பதவி வகித்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டவர். மக்கள் மன்றாடக் கேட்டிருத்தலே அவர் தொழில். அத்தகையவர் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தைக் கண்ணால் கண்டார். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில், பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டிப் பாடிய கீர்த்தனமும் உண்டு. அதன் பல்லவியிலேயே வேண்டுகோளும், உன்னையன்றிப் புகல் யாவர் என்னும் வினாவும் அருகருகே நிற்கின்றன. இலக்கணத்தால் அஃது அறிவினா. விடை கேட்போனுக்குத் தெரியும். ஆயினும் ஊரின் பசியை இறைவன் அவையில் எடுத்துரைக்கும் வழக்குரைஞரின் குரல் அதனுள் கேட்கின்றது. பாவ மன்னிப்பை மட்டுமன்றிச் சோற்றையும் இறைவனிடம் எதிர்பார்த்துக் கேட்ட அக்குரல், பிற்காலக் கிறித்தவக் கீர்த்தனங்களில் போதிய அளவு தொடரவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஊரப்பாக்கத்திற்கு அணித்தாக உள்ள தாம்பரத்திலும் இப்பொருள் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒருவர் இருந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரினின்று தாம்பரத்திற்கு மாறியபோது அதன் முதல்வராயிருந்தவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியராயிருந்தவரும் இவரே. 1909இல் நூலாக வெளிவந்த கருமமும் மீட்பும் பற்றிய ஆராய்ச்சியில், ஒருவன் படும் துன்பம் அவன் வினைக்கு அளந்து தரப்பட்ட தண்டனை என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. பின்னர் 1911இல் எழுதிய நூலில், இறையரசு மாந்தர் கட்டுவது அன்று, இறைவன் தருவது; அதனை எதிர்பார்த்து வேண்டுவதே நம்பிக்கை என்றார். இவ்விரு கருத்தையும் இணைத்து நோக்கின் நம் பொருளுக்கு ஒளி கிடைக்கின்றது. துன்பம் அனைத்தும் அளந்த தண்டனையாயின் 'ஏன்' என்னும் வினா எழ இடமில்லை. விடை முன்னரே எழுதப்பட்டுள்ளது. அங்ஙனம் அன்று எனக் கொண்டவனுக்கே வினவுதல் இயலும். மன்றாட்டை வழக்கெனக் கூறிய யாம் அவ்வுவமையை அளவோடு கொள்ளல் வேண்டும் என்பதையும் ஹாக்கின் ஆராய்ச்சி உணர்த்துகின்றது. இம்மன்றின் நடுவர், சட்டத்தை மட்டும் நோக்கி இருப்பவர் அல்லர்.

அண்மைக் காலத்தில் அமெரிக்க விவிலிய அறிஞர் வால்ட்டர் புரூகமன், திருச்சபை வழிபாட்டினின்று முறையீட்டுப் பாடல்கள் மறைந்தமையால் நேர்ந்த இழப்பைப் பற்றி 1986இல் ஒரு கட்டுரை வரைந்தார். சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடாக இருந்தும் அவை வழிபாட்டில் அருகின என்பது மேனாட்டார் கண்டது. தமிழ்நாட்டு நிலையும் அதனின் மிக வேறன்று. ஆனால் இங்கு அவ்விடத்தை நிரப்பியது வெறும் மௌனம் அன்று, வாணிகமும் ஆகும். இத்தனை நாள் உபவாசம், இன்ன காணிக்கை, இந்த மாதத்திற்குள் இன்ன நன்மை என உறுதி கூறும் செபமுறை சுவரொட்டிகளிலேயே காணக் கிடக்கின்றது. விலையை மீண்டும் கையில் கொடுத்துச் செபத்தை நன்னூலார் கூறிய கடைத்தெருவிற்கே திருப்பி அனுப்பும் செயல் இது. பொருள் கிடையாதபோது, கடைக்காரனைக் கேளாதே, உன் நாணயத்தில்தான் குறை என்று கொள்வோனிடமே பழி திரும்புகின்றது. எதிர்பார்க்கத் தூண்டுவதும் வினவத் தடுப்பதும் ஒரே வாய் என்பது கருதற்பாலது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுநாதர், தம் விருப்பம் அன்று, தந்தையின் விருப்பமே ஆகுக என்று ஒப்புக்கொடுத்தார். அதுவே கிறித்தவச் செபத்தின் முடிந்த நிலை. ஆண்டு வினாவிற்கு இடம் ஏது என்பர். வலிய தடைதான். ஆயின் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குக. துன்பக் கிண்ணம் நீங்குமாறு வேண்டியது முதலில், ஒப்புக்கொடுத்தது பின்னர். வேண்டாதவன் ஒப்புக்கொடுப்பதற்கு யாது உளது? மேலும், ஒப்புக்கொடுத்தலோடு அவர் மொழி முடிந்துவிடவில்லை. மறுநாள் சிலுவையில், கைவிட்டது ஏன் என்னும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வினா அவர் வாயினின்றே எழுந்ததாக மாற்கும் மத்தேயுவும் எழுதினர். ஒப்புக்கொடுத்தல் வினாவை விழுங்கிவிட்டதெனின் இவ்வினா எழுந்திருத்தல் ஆகாது. அதனைப் பதிவு செய்தோர் அரமேய மொழியிலேயே ஒலி மாறாது பதிவு செய்தனர். நாணத்தக்க சொல்லாயின் அங்ஙனம் காத்திருக்க மாட்டார்கள்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் அவர் கூறிய உவமையும் ஒரு மன்றினைப் பற்றியதே. நீதியற்ற நடுவன் ஒருவனிடம் கைம்பெண் ஒருத்தி ஓயாது சென்று தன் வழக்கைக் கூறுகின்றாள். அவளை அடங்கியிரு என்று அறிவுறுத்தும் பாத்திரம் அவ்வுவமையில் யாரும் இல்லை.

ஊரப்பாக்கத்து அம்மையாரை மறுமுறை யான் கண்டது அடுத்த கூட்டத்தில். அன்று மறைநூல் வாசிப்பு அவர் முறையாக வந்தது. எழுந்து நின்று கண்ணாடியை அணிந்துகொண்டு 13ஆம் சங்கீதத்தை எடுத்தார். முதலிரண்டு வசனங்களை ஒருமுறை படித்து, சற்று நிறுத்தி, மீண்டும் ஒருமுறை படித்தார். கூட்டத்தை நடத்தியவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது வேதவாக்கியம் ஆதலின் எவரும் குறுக்கிடவில்லை.